கைமீறிய சூழலும் கதைமாந்தரின் கதியும்: புதிதாகப் புனைகதை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகக் கதை எழுத வருகிறவர்களின் முதல் வரைவுகளில் ஓர் இடறல் அடிக்கடி கண்ணில் படும். கதைமாந்தர் பத்துப் பக்கம் தம் போக்கில் வாழ்ந்துகொண்டிருப்பார். பதினொன்றாம் பக்கத்தில் வெள்ளம் வரும், அல்லது லாரி மோதும், அல்லது ஆலை மூடப்படும். அத்துடன் கதையும் முடிந்துவிடும். "வாழ்க்கையில் இப்படித்தானே நடக்கிறது" என்று எழுதியவர் கேட்பார். நடக்கிறதுதான். ஆனால் உண்மையில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக வாசகர் எதையும் நம்பிவிடமாட்டார். இதற்கு நேர்மாறான வரைவும் உண்டு: எத்தனை இடர் வந்தாலும் மனஉறுதி ஒன்றைக் கொண்டே எல்லாவற்றையும் கடந்துவிடுகிற கதைமாந்தர். முதல் வகையில் மனிதர் இல்லை. இரண்டாம் வகையில் உலகம் இல்லை.

தம் கையில் இல்லாத ஒன்றால் ஒருவரின் வாழ்க்கை திசைமாறுவதை எழுதுவது எப்படி என்று இங்கே படிப்படியாகப் பார்ப்போம். படிகளை விளக்குவதற்காக ஒரு கற்பனைக் கதையை அடியிலிருந்து கட்டிக்கொண்டு போகிறேன். அதன் களம் இலங்கையின் மலையகம். காலம் 1940களில் தொடங்கி 1970கள் வரை. பல லட்சம் பேர் எந்த நாட்டில் வாழவேண்டும் என்பதை அவர்களைக் கேளாமலேயே இரண்டு அரசுகள் பேசி முடித்ததும், அதற்கு நாள், எண்ணிக்கை, படிவம், கப்பல் என எல்லாமே இருந்ததும் இந்தக் களத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள்.

முதற்படி: சூழலுக்குப் பெயரும் நாளும் கொடுங்கள்

"வறுமை அவளை வாட்டியது", "சமூகம் அவனை நசுக்கியது" என்பன போன்ற வாக்கியங்களில் சூழல் இல்லை, சூழலைப் பற்றிய முடிவுரை மட்டுமே இருக்கிறது. எது வந்தது, எப்போது வந்தது, யாரைத் தொட்டது, யாரைத் தொடாமல் விட்டது என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒரு தாளில் விடை எழுதிய பிறகே கதையைத் தொடங்க வேண்டும்.

நம் கதைக்கான தாள் இப்படி இருக்கும். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன் வழியிலான பிறப்பை அடிப்படையாக வைத்ததால், இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியில் வந்த தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கென வந்த தனிச்சட்டம் விண்ணப்பிக்க வழிவிட்டது. ஆனால் 1946 தொடக்கத்துக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும், இடையே ஒரே பயணத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. பிறகு 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமருக்கும் இந்தியப் பிரதமருக்கும் இடையே சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்று அது வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தக் கடைசி வரியில்தான் கதை எழுதுகிறவர் நிற்க வேண்டும். ஒன்றரை லட்சம் பேரின் வாழ்க்கையைப் "பிறகு" என்று தள்ளிவைக்க முடிந்த ஒரு மேசை எங்கோ இருந்திருக்கிறது. உங்கள் கதைமாந்தர் அந்த மேசையை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அதிகாரத்துக்கும் அவருக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தைக் கதையில் எப்படிக் காட்டுவது என்பது அடுத்த படி.

இரண்டாம் படி: சூழல் வாசலுக்கு வந்து சேரும் பாதையை வரையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் படியைத்தான்; ஆகவே இதில் சற்று அதிகம் தங்குவோம்.

சூழல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கதைமாந்தரிடம் அது ஒரு மனிதராகவோ ஒரு தாளாகவோ ஒரு விலையாகவோதான் வந்து சேரும். இதை நம் மொழியில் மிகக் கூர்மையாகச் செய்து காட்டிய இடம் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகப் பதிகத்திலேயே அறிவித்துவிட்ட காப்பியம் அது. அப்படி அறிவித்த ஆசிரியர் கோவலன் மேல் இடியையோ பாம்பையோ ஏவியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கோவலன் சிலம்பை விற்கக் கேட்டுச் சென்ற பொற்கொல்லன், அரசியின் சிலம்பைத் தானே திருடியவன். தன் களவு வெளிப்படுவதற்குள் வேறொருவர் தலையில் அதைச் சுமத்த வேண்டிய அவசரம் அவனுக்கு. ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் மனம் மயங்கியது கண்டு ஊடல் கொண்ட அரசி, தலைநோய் என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைத் தணிக்க விரைகிற வழியில் பொற்கொல்லன் சொல்வதைக் கேட்ட அரசன், அவள் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்கிறான். ஆணையில் ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனியுங்கள். அதைச் சரிபார்க்க வேண்டியவர்களோ காவலர்கள். அவர்கள் கோவலனைப் பார்த்து இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை வரிசையாக எடுத்துரைத்து அந்தத் தயக்கத்தைக் கரைக்கிறான். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே குடிமயக்கத்திலிருந்த கல்லாதவன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இதில் கோவலனைக் கொல்லவேண்டும் என்று காலையில் நினைத்து எழுந்தவர் ஒருவரும் இல்லை. ஒருவனுக்குத் தப்பிக்கும் அவசரம், இன்னொருவனுக்கு மனைவியைச் சமாதானப்படுத்தும் அவசரம், மூன்றாமவனுக்குக் கள்மயக்கம். ஊழ் என்ற பெருஞ்சொல்லை இப்படிச் சில்லறை மனித காரணங்களாக மாற்றியதால்தான் வாசிக்கிறவர் ஒவ்வொரு கட்டத்திலும் "இங்கேயாவது நின்றிருக்கக் கூடாதா" என்று பதறுகிறார். அந்தப் பதற்றம் வரவேண்டுமானால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் உடையக்கூடியதாகத் தெரியவேண்டும்.

இதையே நம் கதைக்குச் செய்வோம். கொழும்பில் எழுதப்பட்ட ஒரு சட்டம், படிவமாகி, தோட்டத்து ஆபீஸ் வழியாகக் கணக்கப்பிள்ளையின் கைக்கு வந்து, லயத்தின் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், வந்து நிற்கிறது. படிவத்தை நிரப்பத் தெரிந்தவர் கணக்கப்பிள்ளை ஒருவரே. அவர் நல்லவரா கெட்டவரா என்பது அவ்வளவு முக்கியமில்லை. அன்று அவருக்கு எழுபது படிவம் எழுதவேண்டியிருக்கிறது என்பது முக்கியம். தகப்பன் வீரன் 1943இல் தன் தாயின் கருமாதிக்காகத் திருச்சிப் பக்கத்து ஊருக்குப் போய், பங்காளித் தகராறு இழுத்ததால் தாமதித்துத் திரும்பியவன் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கப்பிள்ளை பேனாவைத் திறந்தார். "ஊருக்குப் போயிட்டு எத்தன மாசங் கழிச்சு வந்த?"

"ரெண்டு மழ பாத்துட்டு வந்தேங்க."

"மழக் கணக்கு எழுத எடமில்ல. மாசத்தச் சொல்லு."

வீரன் விரல் மடக்கினான். பத்து விரலும் முடிந்து, மறுபடி வலக்கையில் நான்கு மடங்கியது. "பதினாலு இருக்குங்க ஐயா. பங்காளிக விடல."

கணக்கப்பிள்ளை அந்த நான்கு விரலையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

காட்சி இவ்வளவு போதும். பன்னிரண்டு மாத நிபந்தனையைக் கதைசொல்லி இந்த இடத்தில் விளக்கத் தேவையில்லை. இரண்டு பக்கம் முன்பே வேறொரு வீட்டுப் படிவத்தின்போது அது வாசகர் காதில் விழுந்திருந்தால், மடங்கிய விரல்களே எல்லாவற்றையும் சொல்லிவிடும். 1943இல் தாய்க்குச் செய்த கடன், 1951இல் குற்றமாகிறது. செய்தபோது அது எந்த வகையிலும் தவறாக இல்லை. கைமீறிய சூழல் என்பதன் உண்மையான கொடுமை இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது: பழைய செயல்களின் பொருளைப் பிறகு வந்த சட்டம் மாற்றிவிடுகிறது.

மூன்றாம் படி: சூழல் வருமுன்பே கதைமாந்தருக்கு ஓர் ஆசை இருக்கட்டும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். சூழலை முன்வைத்து எழுதுகிறவர்களுக்கு இது தெம்பு தரும் செய்திதான். ஆனால் நிலமும் பொழுதும் உரிப்பொருளை, அதாவது பாடலின் மைய உணர்வை, தாங்கி நிற்பதற்காகவே அங்கே இருக்கின்றன என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பற்றிய கதையில் ஒப்பந்தத்தைப் பற்றி மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கும் கதைமாந்தர் பத்திரிகைச் செய்தியின் மாதிரிவடிவம்.

வீரனின் மகள் செல்லாயியை நம் கதையின் மையமாக வைப்போம். 1946இல் பிறந்தவள், கொழுந்து பறிக்கிறவள். அவள் ஆசை குடியுரிமை அன்று. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) ஆயம்மா வேலை கிடைத்தால் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடி, மழையில் நனைந்து, கூடை எடை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி) வாங்கி நிற்கிற நிலை மாறும் என்பதே அவள் ஆசை. அங்கே இப்போதிருக்கும் ஆயம்மாவுக்கு வயதாகிவிட்டது. இந்தச் சின்ன ஆசைக்கும் இரண்டு பிரதமர்களின் கையெழுத்துக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் இதன் வலிமை. தொடர்பில்லாத இரண்டு மோதும்போது வாசகருக்கு வலிக்கும்.

ஆசை சிறியதாகவும் கையால் தொடக்கூடியதாகவும் இருக்கட்டும். "சுதந்திரமாக வாழ வேண்டும்" என்று ஆசைப்படும் கதைமாந்தரை வைத்து அடுத்த காட்சியை எழுதுவது கடினம்.

நான்காம் படி: வழிகளைக் குறையுங்கள், ஆனால் ஒன்றாக்கிவிடாதீர்கள்

சூழலின் வேலை வழிகளை அடைப்பது. கதாசிரியரின் வேலை, குறைந்தது இரண்டு வழிகளாவது எஞ்சியிருக்கும்படியும், எஞ்சியவை ஒவ்வொன்றுக்கும் தாங்கமுடியாத விலை இருக்கும்படியும் பார்த்துக்கொள்வது. ஒரே வழிதான் மிச்சம் என்றால் கதைமாந்தர் செய்வதற்கு ஏதுமில்லை, சும்மா அடிபடுகிறவராகிவிடுவார்.

1960களின் பிற்பகுதியில் விண்ணப்பங்கள் வாங்கப்பட்டபோது இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கீட்டைவிட மிக அதிகம். இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களோ ஒதுக்கீட்டின் அளவுக்கு வரவில்லை. அதாவது, இருக்க விரும்பியவர் எல்லோரும் இருந்துவிட முடியாது. இதை அடித்தளமாகக் கொண்டு செல்லாயியின் வீட்டை அமைப்போம். 1951இல் ஒருமுறை மறுக்கப்பட்ட வீரன், இனி இந்த அவமானம் வேண்டாம் என்று இந்தியாவுக்கு எழுதிவிடுகிறான். அண்ணன் முத்தையா, மனைவி வீட்டாரோடு சேர்ந்து இலங்கைக்கு எழுதுகிறான். வயது வந்த செல்லாயி தனக்கென ஒரு படிவம் போடவேண்டும். தகப்பனோடு போனால் இதுவரை கண்ணால் காணாத ஊர். ஆயம்மா வேலை இல்லை. அண்ணனோடு இருந்தால் அந்த வேலைக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் விண்ணப்பம் ஏற்கப்படுமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை, நோயாளியான தாயைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். படிவத்தை நிரப்பாமலேயே இருந்துவிடுவது மூன்றாவது வழி. பலரும் அப்படியும் இருந்தார்கள். நாவல் எழுத எண்ணுகிறவர்களுக்கு இந்த மூன்றாவது வழியைப் பரிந்துரைப்பேன்; முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவாகிப் பத்தாண்டுகள் ஒருவரைத் துரத்துவதை விரிவாக எழுத அதில் இடம் உண்டு.

இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அது செல்லாயியின் குணத்திலிருந்து வரவேண்டும். அவள் பிடிவாதக்காரியா, பிறர் மனம் கோணக்கூடாது என்று நினைப்பவளா, கணக்குப் போட்டுப் பார்ப்பவளா என்பதை ஒப்பந்தம் வருமுன்பே, கொழுந்து நிறுக்குமிடத்தில் நடக்கும் ஏதோவொரு சிறு சச்சரவில் காட்டியிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: நீங்கள் அறிந்ததைக் கதைமாந்தர் அறியமாட்டார்

வரலாற்றுச் சூழலை எடுப்பவர்களுக்கு உள்ள பெரிய ஆபத்து பின்னறிவு. தள்ளிவைக்கப்பட்ட 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் இரு நாடுகளும் பகிர்ந்துகொண்டன என்பது உங்களுக்குத் தெரியும். எஞ்சிய நாடற்றவர்களுக்கு 1988லும் 2003லும் வந்த சட்டங்கள் இலங்கைக் குடியுரிமை வழங்கின என்பதும் தெரியும். 1970இல் ஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் செல்லாயிக்கு இதில் எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தவை, இந்தியக் கரையில் போய் இறங்குகிறவர்களை மண்டபம் முகாமில் பல நாள் காக்கவைக்கிறார்களாம், நீலகிரியில் அரசாங்கமே தேயிலை போட்டு வேலை தருகிறதாம், பக்கத்து டிவிசனிலிருந்து (தோட்டப் பிரிவு) போனவர்கள் எழுதிய கடிதத்தில் கஷ்டம் என்றிருந்ததாம் என்பன போன்ற கேள்விப்பட்ட செய்திகளே. அவற்றில் சில உண்மை. நீலகிரித் தேயிலைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கியிருந்தது. ஆனால் யாருக்கு அங்கே வேலை, யாருக்கு வெறுங்கை என்பதை லயத்திலிருந்து அறிய வழியில்லை.

எனவே ஒவ்வொரு முக்கியக் காட்சிக்கும் முன் ஒரு சிறு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்: இந்த நாளில் இவர் எதைத் தெரிந்துவைத்திருக்கிறார், எதைத் தவறாகத் தெரிந்துவைத்திருக்கிறார், அதை யார் சொன்னார்கள். தவறாகத் தெரிந்ததன் மேல் எடுக்கப்படும் நியாயமான முடிவுகளே இவ்வகைக் கதைகளின் முதுகெலும்பு. "பின்னாளில் இதற்காக அவள் வருந்தப்போகிறாள் என்று அப்போது அறிந்திருக்கவில்லை" என்று கதைசொல்லி இடையில் புகுந்து எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். அது தொடர்கதைக் காலத்துப் பழக்கம். அடுத்த வாரம் இதழ் வாங்கவைக்க அன்று அதற்கு ஒரு தேவை இருந்தது.

ஆறாம் படி: தற்செயலை எங்கே வைப்பது

பொது விதி எளிது. தற்செயல் சிக்கலைத் தொடங்கிவைக்கலாம், இறுக்கலாம், அவிழ்க்கக் கூடாது. லாட்டரிச் சீட்டும், இறந்துபோன பணக்கார மாமாவும் வாசகரை ஏமாற்றுவதன் காரணம் இதுதான்.

உண்மை வரலாறு இந்த விதியை மதிப்பதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகாத 1964 டிசம்பர் 22 இரவில், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே நெடுங்காலம் படகுத்துறையாக இருந்த தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயில் அதிலிருந்தவர்களோடு கடலில் போனது. பாம்பன் பாலம் சேதமடைந்தது. அதன்பின் தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. இலட்சக்கணக்கானோர் கடக்கவேண்டிய வாசலே, கடக்கச்சொன்ன சில வாரங்களில் இல்லாமல் போனதை நாம் இட்டுக்கட்டி எழுதியிருந்தால் எந்தப் பதிப்பாசிரியரும் அடித்துவிட்டிருப்பார்.

இதைக் கதையில் பயன்படுத்த நினைப்பவர் அந்த ரயிலில் செல்லாயியின் உறவினரை ஏற்றிவிட வேண்டாம். அது கண்ணீரை இரவல் வாங்குவது. மாறாக, புயல் செய்தி லயத்துக்கு வந்தபோது, "அந்தப் பக்கம் போகாதே என்று கடலே சொல்லிவிட்டது" என்று தாய் எடுத்துக்கொள்கிறாள், அதைக் கேட்டு வீரன் சில ஆண்டுகள் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுகிறான் என்று வையுங்கள். இப்போது பேரிடர் ஒரு மனிதரின் நம்பிக்கை வழியாகக் கதைக்குள் நுழைந்து, தாமதம் என்ற விளைவாக வெளியே வருகிறது. அந்தத் தாமதத்தில் தாயின் நோய் முற்றட்டும்.

முன்னறிகுறியும் இத்துடன் சேர்ந்தது. கோவலன் தான் கண்ட கெட்ட கனவை மாடலன் என்ற மறையோனிடம் சொல்கிறான்; சிலம்பை விற்கப் புறப்படும்போது எதிரே ஏறு பாய வருகிறது. அவை கொலைக்குக் காரணம் ஆகவில்லை, வாசகரைத் தயார்ப்படுத்தின. ஒன்றிரண்டு போதும்.

ஏழாம் படி: வில்லன் வேண்டாம்

சூழலுக்கு ஒரு முகம் வேண்டும் என்று கொடூர அதிகாரி ஒருவரை உருவாக்கிவிட்டால், அவரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடும். கண்டியில் உள்ள இந்தியத் தூதரகக் கிளையில் படிவத்தை வாங்குகிறவர் களைத்துப்போன, மரியாதையான மனிதராகவே இருக்கட்டும்.

எட்டாம் படி: முடிவும் அதைச் சோதிக்கும் முறையும்

முடிவில் விளைவு கதைமாந்தரின் கையில் இல்லாமல் இருக்கலாம்; கடைசிச் செயல் அவருடையதாக இருக்கவேண்டும். செல்லாயி கப்பல் ஏறுகிறாளா இல்லையா என்பதை நான் முடிவு செய்து தரப்போவதில்லை. ஏறினால், பிள்ளைக்காம்பராவிலிருந்து யாருக்கும் சொல்லாமல் எதையாவது எடுத்துச் செல்கிறாளா, அல்லது இடம் காலியாகிவிட்டது என்ற செய்தி அவள் புறப்படும் வாரத்தில் வருகிறதா, அதைக் கேட்டு என்ன செய்கிறாள் என்று தேடுங்கள். நல்லவளுக்கு நல்லது, பிடிவாதக்காரிக்குத் தண்டனை என்று தீர்ப்பு எழுதாதீர்கள். ஒப்பந்தம் குணம் பார்த்து ஆள் பிரிக்கவில்லை.

வரைவு முடிந்ததும் இரண்டு சோதனைகளைச் செய்யலாம். முதலாவது, சூழலை நீக்கிப் பாருங்கள்: ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் செல்லாயியின் கதை ஏறத்தாழ இதே முடிவுக்கு வருமானால், சூழலை வெறும் பின்னணித் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இரண்டாவது, ஆளை மாற்றிப் பாருங்கள்: அவளிடத்தில் முத்தையாவின் மனைவியை வைத்தாலும் எல்லாக் காட்சிகளும் அப்படியே நடக்குமானால், நீங்கள் எழுதியது வரலாறு, கதைமாந்தர் இன்னும் பிறக்கவில்லை. முதல் சோதனையில் தோற்றால் இரண்டாம் படிக்கும், இரண்டாவதில் தோற்றால் மூன்றாம், நான்காம் படிகளுக்கும் திரும்பிப் போங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கதையின் தொடக்கத்தை எழுத முயலவேண்டாம். செய்தியைக் கொண்டுவருகிறவரும் கதைமாந்தரும் முதன்முறை எதிரெதிரே நிற்கும் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுங்கள். வருகிறவருக்கு அன்று வேறு என்ன வேலை இருக்கிறது, கதைமாந்தர் கையில் அப்போது என்ன இருக்கிறது, இருவரில் யார் முதலில் உட்காருகிறார் என்ற மூன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு முன்னும் பின்னும் என்ன வரவேண்டும் என்பது அதை எழுதிய பிறகு பெரும்பாலும் தானே தெரியவரும்.